சாமி படத்துக்குப் பின்னால்...

நாலு ரூபாய் சமாசாரத்தில் நான் புலி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி. எனக்கு அங்கே 'இன்கமிங் இன்ஸ்பெக்ஷன்' உத்தியோகம். வெளியிலிருந்து வருகிற புஷ், போல்ட், வாஷர் இத்யாதிகளை மூட்டை பிரித்து, மூட்டைக்கு அஞ்சு எடுத்து, வெர்னியர் வைத்து அளந்து, ஒரு மயிரிழை கூடினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். சப்ளையர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப் பெயர்களை இங்கே எழுத முடியாது. இது குடும்பப் பத்திரிகை.

அப்பேர்ப்பட்ட நான், 38 லட்ச ரூபாய் வீட்டை இருபது நிமிஷம் பார்த்தேன். அதில் ஏழு நிமிஷம் காபி. "சூப்பர் சார்!" என்று சொல்லிவிட்டு, பத்தாயிரம் டோக்கன் அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீடு கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். அரை கிரவுண்டு, இரண்டு பெட்ரூம், வாசலில் ஒரு கொய்யா மரம். புது பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. பொன்னேரியில் வாடகை வீட்டில் பதினோரு வருஷம், "மோட்டார் போட்டுட்டு ஆஃப் பண்ண மறந்துட்டீங்களா?" என்று மாடியிலிருந்து குரல் கேட்டுக் கேட்டு வாழ்ந்தவனுக்குச் சொந்தக் கொய்யா மரத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும்? என் வீட்டம்மா அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, வாங்கிவிட்டோம் என்று.

பணக் கணக்கு ரொம்ப சிம்பிள். சேமிப்பு எல்லாம் போட்டு, பி.எஃப்.பில் எடுத்து, அவளுடைய ஆறு வளையலில் நாலைக் கழற்றி, மிச்சம் 28 லட்சம் பாங்க் லோன். இருபது வருஷம். எனக்கு வயது முப்பத்தாறு. கடைசித் தவணை கட்டும்போது ரிடையர்மென்ட்டுக்கு இரண்டே வருஷம் பாக்கி இருக்கும்.

இந்த லட்சணத்தில், ராத்திரி பத்தரை மணிக்கு அமெரிக்காவிலிருந்து போன். மச்சினன். டல்லாஸில் இருக்கிறான்.

"மாமா, வீடு பார்த்துட்டீங்களாமே, கங்கிராட்ஸ்! இன்ஸ்பெக்ஷன் ஆயிடுச்சா?"

"பாங்க்லேர்ந்து வந்துட்டுப் போயாச்சே!"

"அது இல்ல மாமா. வீட்டை யாரு இன்ஸ்பெக்ட் பண்ணது?"

"நான்தான்டா. என் உத்தியோகமே அதானே?"

அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். சிரிப்பை அடக்கினானோ என்னவோ. பிறகு விளக்கினான். அவன் ஊரில் வீடு வாங்க ஒப்பந்தம் போட்டதும், இத்தனை நாள் என்று ஒரு கெடு இருக்குமாம். அதற்குள் நம் காசில் ஓர் இன்ஸ்பெக்டரை வைத்து, கூரை முதல் குழாய் வரை பார்க்கச் சொல்வது வழக்கம். பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வார்கள். டெக்ஸாஸில் இந்த வேலைக்கு மாநில அரசு லைசென்ஸே உண்டு. இங்கிலாந்திலும் வீடு வாங்குகிறவர் தன் சார்பில் ஒரு சர்வேயரை அனுப்பிப் பார்ப்பது சகஜம்தான்.

"நம்ம ஊர்லயும் ஆள் வைங்க மாமா" என்று சொல்லி போனை வைத்துவிட்டான்.

எனக்குத் தூக்கம் போச்சு. இந்த வீட்டை இதுவரை யார் யார் பார்த்தார்கள் என்று விட்டத்தைப் பார்த்தபடி எண்ணினேன்.

வக்கீல் பார்த்தார். ஆனால் வீட்டையே அவர் பார்க்கவில்லை. தாய்ப் பத்திரம், பட்டா, 30 வருஷத்து வில்லங்கச் சான்றிதழ், எல்லாவற்றையும் பார்த்து 'வில்லங்கம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். அது பேப்பரில் உள்ள வில்லங்கம். சுவரில் உள்ள வில்லங்கம் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிவாகாது.

பாங்கிலிருந்து வேல்யூவர் வந்தார். பத்து நிமிஷம். நாலு போட்டோ. அவர் கவலை, நாளைக்கு நான் தவணை கட்டாமல் ஓடிவிட்டால் இந்த வீட்டை விற்றுப் பாங்க் தன் பணத்தை எடுக்க முடியுமா என்பது. நியாயம்தான். அவருக்குச் சம்பளம் பாங்க் கணக்கு. (ஃபீஸ் மட்டும் என் கணக்கு!)

வாஸ்துக்காரர் பார்த்தார். சமையலறை அக்னி மூலையில் இருக்கிறது, பேஷ் என்றார். ஐயாயிரம். பேரமே பேசவில்லை நான். தெய்வ காரியம் பாருங்கள்.

மாமனார் பார்த்தார். வாசலில் நின்று, "ரயில் சத்தம் கேட்குமே" என்றார். அவ்வளவுதான்.

இத்தனை பேர் வந்து போனதில், எனக்காக அந்த வீட்டைப் பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை.

சென்னையில் இப்போது இதற்கென்றே கம்பெனிகள் வந்துவிட்டன. ஈரம் காட்டுகிற மீட்டர், சூட்டைப் படம் பிடிக்கிற கேமரா சகிதம் வருகிறார்கள். இங்கே இந்த வேலைக்கென்று தனியாக லைசென்ஸ் எதுவும் கிடையாது. ஆகவே யாரைக் கூப்பிடுகிறோம் என்பதில் உஷார் தேவை. என் ஆபீஸ் நண்பர் ஒருவர், திருவள்ளூரில் இருக்கிற தன் பெரியப்பாவைச் சொன்னார். பொதுப்பணித் துறையில் ஏ.இ.யாக இருந்து ரிடையர் ஆனவர். போன் பண்ணினேன்.

"ஆறாயிரம் ஆகும் தம்பி."

"நாலு பண்ணிக்கலாமா சார்?" என்றேன்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3 லட்சத்து 42 ஆயிரம் அரசாங்கத்துக்குக் கட்டத் தயாராக இருக்கிறவன், புரோக்கருக்கு 38 ஆயிரம் எடுத்து வைத்திருக்கிறவன், இவரிடம் இரண்டாயிரத்துக்குப் பேரம் பேசினேன். அவர் பதிலே சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை காலையில வரேன்" என்று மட்டும் சொன்னார்.

பெரியபாளையம் வழியாக பஸ் மாறி வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே தூக்குக்குண்டு, ரசமட்டம், டார்ச், டெஸ்ட் லாம்ப், பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர், ஒரு ரூபாய்க் காசு, ஒரு கோலி குண்டு. கோலியைப் பார்த்ததும் எனக்கு ஆறாயிரத்தின் மேல் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

மனுஷர் வீட்டுக்குள் போகவே இல்லை. நேரே தெருமுனை டீக்கடைக்குப் போனார். இந்தப் பக்கத்துத் தமிழில் பாதி தெலுங்கு கலந்திருக்கும். இவரும் அதே பாஷையில் கடைக்கார அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். டீ வந்தது. பிஸ்கெட் வந்தது. சாவகாசமாக ஒரு கேள்வி.

"ஏம்மா, புயலப்போ தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

அந்த அம்மா பாட்டில்கள் அடுக்கியிருந்த இரண்டாவது தட்டைக் காட்டினாள். "2015-ல கூட இவ்ளோ இல்ல சாமி. அப்ப அந்த வீடே கெடையாது, வெறும் மனை. 2023 டிசம்பர்ல வந்துச்சே மிக்ஜாம், அப்ப இந்தத் தெரு பூரா முட்டிக்கால் தண்ணி. அந்தக் கொய்யா மரத்து வீட்டுல கட்டிலத் தூக்கி மாடில போட்டாங்க."

என் டீ ஆறிப்போய்விட்டது.

வீட்டு வாசலுக்கு வந்தார். ரசமட்டத்தை எடுக்காமலே, ரோட்டையும் வாசற்படியையும் காட்டினார். ஒரே ஒரு படி. "கட்டும்போது மூணு படி இருந்திருக்கும். பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலேயே புதுசு புதுசாப் போட்டுட்டாங்க. வீடு அப்படியேதான் இருக்கு தம்பி, ரோடுதான் வளந்திருச்சு."

பிறகு உள்ளே. வீட்டுக்காரர் வரவேற்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், சாது. இவர் பையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. புரோக்கர் தம்பி என்னை ஓரம் கட்டி, "இன்னா சார், பொண்ணு பாக்க வரும்போது டாக்டரையும் இட்டுனு வர்றீங்க?" என்றான்.

ஏ.இ. சார் மொட்டைமாடியில் ஆரம்பித்தார். தண்ணீர் தேங்கிக் காய்ந்த வட்டங்களை எண்ணினார். கைப்பிடிச் சுவரில் விரல் வைத்து நடந்தார். கீழே வந்து ஒற்றை ரூபாய்க் காசால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போனார். டக் டக் டக் என்று வந்த சத்தம் ஹாலின் ஒரு மூலையில் டொப் டொப் என்றது. "கீழே காலி." கோலியைத் தரையில் வைத்தார். அது யாரையும் கேட்காமல் பூஜை அறைப் பக்கம் உருண்டது. பக்திமான் கோலி!

பிளக் பாயிண்டில் டெஸ்ட் லாம்பைச் செருகினார். மூன்று ஓட்டையில் எர்த்துக்கான ஓட்டை வெறும் அலங்காரம். உள்ளே வயரே இல்லை. போர் தண்ணீரில் பேனாவை முக்கினார். 2,340 என்று காட்டியது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் ஏறியது பல வருஷத்துக் கதை. "குடிக்கிறதுக்கு கேன் வாங்கிக்கலாம் தம்பி. இந்தத் தண்ணியிலயே கான்கிரீட் கலக்கியிருந்தா என்ன பண்றது? அதான் யோசிக்கிறேன்" என்றார்.

சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேடைக்கு அடியில் கடப்பா கல் தட்டு. டார்ச்சை அடித்து என்னையும் குனியச் சொன்னார். தட்டின் அடிப்பக்கம் பெயின்ட் இல்லை. கல்லின் கால்களில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, வண்டல் கறை.

"பெயின்ட் அடிக்கிறவன் இவ்வளவு குனிய மாட்டான் தம்பி."

அடுத்தது பெரிய பெட்ரூம். அங்கே ஜன்னலுக்கு மேலே ஆளுயர ஏழுமலையான் படம், சரவிளக்கோடு. நானும் முதல் நாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தவன்தான். இவரும் கும்பிட்டார். பிறகு, "ஜன்னலுக்கு மேலே, இவ்வளவு உசரத்துல, யாரு சார் சாமி படம் மாட்டுவா? விளக்கேத்த எட்டாதே" என்றார்.

"சாமி படத்தை நகத்தக் கூடாதுங்க" என்றார் வீட்டுக்காரர். குரல் கம்மியது.

"மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் சார் நகத்தறேன்."

நகர்த்தினார். லிண்டல் நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே காவி நிறத்தில் கம்பி எட்டிப் பார்த்தது. கம்பி துருப்பிடித்தால் துரு பல மடங்கு இடத்தை அடைக்குமாம். இடம் இல்லாவிட்டால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். உப்புத் தண்ணீரில் கலந்த கான்கிரீட்டுக்கு இந்த வியாதி சீக்கிரம் வரும். சுவரில் தலைமுடி மாதிரி ஓடுகிற கோடுகளையும் காட்டினார். "இதெல்லாம் பூச்சு காஞ்ச சுருக்கம், பயப்படாதீங்க" என்று தைரியமும் சொன்னார். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்லத்தான் ஆறாயிரம் போலிருக்கிறது.

ரிப்போர்ட்டை அங்கேயே உட்கார்ந்து வெள்ளைத் தாளில் கையால் எழுதினார். கார்பன் வைத்து இரண்டு காப்பி. லிண்டல், வயரிங், எர்த், மாடித் தளம் எல்லாவற்றுக்கும் உத்தேசச் செலவு மூன்றரை லட்சம். கடைசி வரி: 'ரோடு மட்டம்' என்று எழுதி, எதிரே தொகைக்குப் பதில் ஒரு கோடு.

"ஜாக்கி வெச்சு வீட்டையே தூக்கறாங்களே சார்?" என்றேன்.

"தூக்கலாம். 38-க்கு மேல அதுக்கும் ஒரு லோன் போடறீங்களா?" என்றவர், "இடிஞ்சு விழற வீடு இல்ல இது, அப்படி எழுதினா பாவம். ஆனா நீங்க பார்த்த வீடும் இது இல்ல" என்றார்.

இடிந்து விழுகிற வீடு என்றதும் எனக்கு 2014 ஞாபகம் வந்தது. அந்த ஜூன் 28-ஆம் தேதி, போரூர் பக்கம் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்துப்போனார்கள். ஒரு வாரம் கழித்து நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, செங்குன்றம் பக்கம் கிடங்குச் சுவர் விழுந்து 11 தொழிலாளிகள் போனார்கள். மௌலிவாக்கத்தில் பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்ததை ஊரே டி.வி.யில் பார்த்தது. அங்கே ஃப்ளாட்டுக்குப் பணம் கட்டியிருந்தவர்களும் பார்த்திருப்பார்கள்.

அதற்கப்புறம் சட்டம் வந்தது. 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்பிலோ வேலையிலோ குறை தெரிந்து நீங்கள் சொன்னால், கட்டி விற்றவர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். நல்ல சட்டம். ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டாலோ அந்தத் திட்டத்தைப் பதிவு செய்யவே வேண்டாம். என்னைப் போல இன்னொருத்தர் குடியிருந்த வீட்டை வாங்குகிறவனுக்கு 1882-இல் வெள்ளைக்காரன் போட்ட சொத்து மாற்றுச் சட்டம்தான் கதி. அதில் 55-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். சபாஷ்! ஆனால் கூடவே ஒரு கொக்கி: வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலே தெரிந்திருக்கக்கூடிய குறை என்றால், அதைச் சொல்ல வேண்டிய கடமை இல்லை.

டீக்கடையில் ஒரு டீ குடிப்பது சாதாரண கவனமா, அசாதாரண கவனமா? சாமி படத்தைத் தூக்கிப் பார்ப்பது? கோர்ட்டுக்குப் போனால் இரண்டு வக்கீல்கள் பத்து வருஷம் பேசலாம். என் தவணை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் அப்புறம் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்காரரைப் பார்த்து, "ஏன் சார், வீட்டுக்குள்ள முட்டிக்கால் தண்ணி வந்ததை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலையே சார்" என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவர் மனைவி கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே சொன்னார். "2017-ல நான் வாங்கினேன் சார். மேஸ்திரி ஒருத்தர் கட்டி வித்தது. பெயின்ட் அடிச்சு, கொய்யாக் கன்னு நட்டு, அழகா வெச்சிருந்தான். எனக்கும் யாரும் எதுவும் சொல்லல. நானும் கேக்கல. புயலப்போ ராத்திரி ரெண்டு மணிக்குக் கால்ல ஜில்லுனு பட்டுச்சு பாருங்க... அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. போன வருஷம் அந்த வெடிப்பு வந்துச்சு. படத்தை மாட்டினேன். பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும் சார். வேற என்ன பண்றது?"

இதற்கு என்ன பதில் சொல்ல? வெர்னியர் பையில் இருந்தால்கூட அளக்க முடியாத சமாசாரம்.

ஏ.இ. சார் கார்பன் காப்பியைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார். "இது உங்களுக்கு. காசு வேணாம். அந்த லிண்டலை மழைக்கு முன்னால பாத்துருங்க. கீழே கட்டில் போட்டிருக்கீங்க."

வீட்டுக்காரர் உள்ளே போய், என் பத்தாயிரத்தை அப்படியே கவரோடு கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நோட்டுகூடப் பிரிக்கவில்லை.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது என் வீட்டம்மா பேசவே இல்லை. கும்மிடிப்பூண்டி லோக்கல் வருகிற சத்தம் கேட்டது. "ரயில் சத்தம் கேக்கும்னு எங்கப்பா அப்பவே சொன்னாருல்ல?" என்றாள். ஏ.இ. சாருக்கு நான் ஆறாயிரம் எண்ணிக் கொடுத்தேன். நாலாயிரம் என்று மறுபடி வாயெடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் கையில் ஆறு வளையலும் இருந்தன.

இரண்டு மாசம் கழித்து, ஷிஃப்ட் முடிந்து வரும்போது மனசு கேட்காமல் கவரைப்பேட்டையில் இறங்கி அந்தத் தெருப்பக்கம் போனேன். பெரிய பெட்ரூம் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்து, லிண்டலைக் கொத்திப் பிரித்து, ஓர் ஆள் கம்பியை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். ஏழுமலையான் ஹாலில், கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறங்கியிருந்தார். கீழே விளக்கு.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார். வேறு ஒரு பார்ட்டி முப்பத்து மூன்றரைக்குக் கேட்கிறார்களாம். புயல் தண்ணீர் விஷயத்தை அவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட்டாராம், ரிப்போர்ட்டையும் காட்டினாராம். டீ சாப்பிடச் சொன்னார். கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சார், அந்த ஏ.இ. சார் நம்பர் கொஞ்சம் குடுங்க. திருவள்ளூர்ல ஒரு ஃப்ளாட் பாத்திருக்கேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா புது பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காங்க..."